பழைய இழைப்பு மெஷினை என்ன செய்வது?

புது இழைப்பு மெஷின் வந்து இறங்கியதிலிருந்து, பட்டறைக்குள் காலடி வைக்கிற எல்லாரும் பழையதைக் காட்டித்தான் பேசுகிறார்கள். "எடைக்குப் போட்டுடுங்க, இடமாவது மிச்சம்" என்கிறார் மரவாடிக்காரர். "மோட்டார மட்டும் கழட்டி வச்சுக்கிட்டு பாடிய தள்ளி விட்ருங்கண்ணே" என்கிறார் எலக்ட்ரீஷியன். என் மனைவியோ, "பெரிய மாமா இருக்கிற வரைக்கும் அதை விக்கிற பேச்சே எடுக்காதீங்க" என்று முடித்துவிட்டாள். மரவேலைத் தொழிலில் இருக்கிற பலருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். அதனால் நான் எப்படி யோசித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. நிலை, கதவு, ஜன்னல், கட்டில், அவ்வப்போது பூஜை மாடம். நானும் இரண்டு ஆட்களும். பழைய மெஷின் 12 அங்குல சர்ஃபேஸ் பிளேனர்; கால் முதல் மேசை வரை முழுக்க வார்ப்பிரும்பு. சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்த என் பெரியப்பா (மனைவி சொன்ன பெரிய மாமா) 1978-இல் வாங்கியது. அவர் வேலையை நிறுத்தியதும் என்னிடம் வந்தது. புதியது இரண்டு வேலை செய்யும்: மேலே விட்டால் முகம் இழைக்கும், கீழே விட்டால் கனத்தை ஒரே சீராக்கும். அதன் கட்டரில் நீளமான பிளேடு கிடையாது. உருளையைச் சுற்றிச் சுருளாகச் சின்னச் சின்ன சதுரக் கார்பைட் துண்டுகள் பதித்திருக்கும். ஒரு முனை மழுங்கினால் திருகைத் தளர்த்தி, துண்டைத் திருப்பி வைத்து முடுக்கினால் போதும். நான்கு பக்கமும் தீர்ந்த பிறகுதான் புதுத் துண்டு.

பலா இழைத்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். பண்ருட்டிப் பலாவில் நார் ஒரு சாண் இந்தப் பக்கம் ஓடும், அடுத்த சாணில் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். பழைய மெஷினில் எந்தத் தலையிலிருந்து விட்டாலும் எங்காவது ஓர் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் கை இழைப்புளி, உப்புத்தாள் என்று ஒரு பலகைக்கே அரை மணி நேரம் போகும். புதியதில் விட்ட பலகையைத் தடவிப் பார்த்தால் கைக்கு எங்கும் தட்டுவதில்லை. சத்தமும் நன்றாகக் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி மத்தியானம் தூங்குகிறார். எனவே தினசரி வேலைக்கு எது நல்லது என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

வைத்துக்கொள்வதால் ஆகிற செலவை முதலில் பார்த்தேன். இழைப்பு மெஷின் பிடிக்கிற இடத்தை அதன் மேசையை அளந்து சொல்ல முடியாது. 7 அடி நிலைக்கால் ஒன்றை இழைக்க வேண்டுமென்றால் முன்னால் 7 அடி, பின்னால் 7 அடி வெறுமையாக இருக்க வேண்டும். மேசையையும் சேர்த்தால் 20 அடி நீளம். அப்படி இரண்டு மெஷினுக்கு என் பட்டறையில் இடம் கிடையாது. ஒன்றைச் சுவரோரம் தள்ளினால் அதன்மேல் சாமான் ஏறும், அடியில் தூள் சேரும், மெஷின் மெல்ல அலமாரியாகிவிடும்.

அடுத்தது கரண்ட். குறுந்தொழிலுக்கான 3-ஏ-1 கட்டணம் 12 கிலோவாட் இணைப்புச் சுமைக்குள் இருப்பவர்களுக்குத்தான். என் புது மெஷின் 5 ஹெச்.பி., அதாவது 3.7 கிலோவாட். வட்ட ரம்பம் 2.2, பேண்ட் சா 1.5, தூள் உறிஞ்சி 1.5, கைமெஷின்களும் விளக்கும் சேர்ந்து இன்னொரு 1.5. மொத்தம் 10.4. பழையதன் 3 ஹெச்.பி. மோட்டாரையும் சேர்த்தால் 12.6 ஆகிவிடும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், இணைத்து வைத்திருந்தாலே அது கணக்கில் வரும். தாண்டினால் அதைவிடக் கூடுதலான 3-பி கட்டணம். கட்டுகிறவனுக்கு அது பெரிய வித்தியாசம்.

விற்றால் என்ன வரும்? பழைய இரும்பு எடுப்பவர் கிலோ 30 ரூபாய் சொன்னார். எடை சுமார் 300 கிலோ. ஒன்பதாயிரம் ரூபாய். ஓடுகிற மெஷினாகவே வாங்கிக்கொள்கிறேன் என்று பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான்; புதிதாகப் பட்டறை போடுகிறான். 40,000 வரை தருவதாகச் சொன்னான். கார்பைட் துண்டுகள் ஒரு செட் கூடுதலாக வாங்கி வைக்கலாம், ஒரு மாத வாடகையும் தீரும் என்று மனம் கணக்குப் போட்டது. அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதுவரை சொன்னது எல்லாமே கொடுத்துவிடு என்றுதான் சொல்கிறது. என்னைத் தடுத்தது ஆணி.

எங்கள் பக்கத்தில் நல்ல மரம் இன்று இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று, இடிக்கிற வீடுகள். சிதம்பரம் தேர் வீதிகளிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் பழைய வீடுகள் இடிந்து மாடிகளாகிக்கொண்டிருக்கின்றன. தூண், உத்தரம், குத்துக்கட்டை, மாடிப்படி, நிலை என்று பர்மாத் தேக்கு வெளியே வருகிறது. இன்று மரவாடியில் அந்த நெருக்கமான வளையத்தோடு தேக்கு பார்க்க முடியாது. இரண்டாவது, புயலில் சாய்ந்த மரம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது, பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு படுத்தன. பாட்டன் வைத்த பலா விழுந்து கிடப்பதைப் பார்த்து வாசலில் உட்கார்ந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். அந்த மரத்தை அறுத்துப் பலகையாக்கி நிழலில் அடுக்கியவர்களிடம் இன்றும் சிலது இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் காய்ந்த பலா இனி அதிகம் அசையாது. அதில் செய்த கதவு ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் எளிதில் இறுகிக்கொள்ளாது.

இரண்டிலும் உள்ளே இரும்பு இருக்கிறது. வீட்டு மரத்தில் காலண்டர் மாட்டிய ஆணி, தோரணம் கட்டிய ஆணி, நூறு வருடத்துக்கு முன் கொல்லன் அடித்த சதுர ஆணி. வீட்டோரம் நின்ற பலாவில் கொடிக் கம்பி, மாடு கட்டிய வளையம், ஊஞ்சல் கொக்கி. மரம் வளர வளர அதையெல்லாம் விழுங்கிவிடும். மேலே தழும்புகூடத் தெரியாது. காந்தம் வைத்துத் தேடுகிறோம், கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டரால் தடவுகிறோம். பழகிய கண்ணுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இரும்பு துருவேறினால் மரத்திலுள்ள துவர்ப்போடு சேர்ந்து சுற்றிலும் கறுப்புப் படரும். அந்தக் கறுப்பைப் பார்த்தால் நிறுத்து, நோண்டு, பிடுங்கு. இவ்வளவு செய்தும் ஏதாவது ஒன்று தப்பிவிடும்.

அந்த ஒன்றுதான் புது மெஷினுக்கு எமன். கார்பைட் கடினமானது, அதனாலேயே நொறுங்கக்கூடியது. ஆணியில் பட்டால் ஒரே வரிசையில் பல துண்டுகள் முனை உடையும். உடைந்ததைத் திருப்பினால் சரி என்பார்கள். அடியில் சீவல் துகள் ஒட்டாமல் ஒவ்வொன்றையும் துடைத்து, ஒரே இறுக்கத்தில் முடுக்குவது ஒரு பொழுது வேலை. பழைய மெஷினில் இருப்பது சாதாரண ஹெச்.எஸ்.எஸ். பிளேடு. ஆணி பட்டால் ஒரு பல் விழும். இழைத்த பலகையில் நூல் போல ஒரு மேடு வரும். இரண்டு பிளேடில் ஒன்றைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தினால், ஒன்று விட்ட இடத்தை மற்றது வெட்டிவிடும், மேடு போய்விடும். பெரியப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வித்தைகளில் இதுவும் ஒன்று. ரொம்ப மோசமானால் சாணைக்குக் கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

ஆக, அழுக்கு மரத்துக்குப் பழையது. அது தோலை உரித்து, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்த பிறகு புதியது. மண்ணும் சுண்ணாம்பும் வார்னிஷும் ஏறிய மரத்தை நேராகப் புது மெஷினில் விடுவது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

வெள்ளத்தையும் நான் கணக்கில் எடுத்தேன். கடலூரில் பட்டறை வைத்திருப்பவன் அதை எடுக்காமல் இருக்க முடியாது. 2015 நவம்பரில் எங்கள் பட்டறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பழைய மெஷினின் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கொடுத்தோம், பேரிங் மாற்றினோம், மேசைத் துருவை மண்ணெண்ணெய் ஊற்றிக் கல்லால் தேய்த்தோம். ஓடியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டபோது தென்பெண்ணைக் கரை ஊர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள், அடுத்தது எப்போது என்றுதான் யோசிக்கிறார்கள். புது மெஷினில் பிரேக்குக்கு ஒரு மின்னணு போர்டு இருக்கிறது, அளவு காட்ட ஒரு திரை இருக்கிறது. தண்ணீர் ஏறினால் அவை இரண்டும் போச்சு. ஒருவேளை அப்படி ஆனால், வேலை நிற்காமல் இருக்கப் பழையது வேண்டும். (உப்புக்காற்று தனிக் கதை. மாலையில் மேசையைத் துடைத்து மெழுகு தேய்க்காமல் போனால், காலையில் மேசையெல்லாம் செம்பழுப்புப் புள்ளி.)

இவ்வளவும் யோசித்து வைத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்த இடத்தில்தான் பெரிய சிக்கல் இருந்தது. பழைய மெஷினின் கட்டர் சதுரம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் காலத்து இழைப்பு மெஷினில் கட்டர் உருளை வடிவம். பிளேடு அதிலிருந்து கொஞ்சம்தான் வெளியே தெரியும். பழையவற்றில் அது ஒரு சதுரக் கட்டை; பிளேடை அதன் முகத்தில் வைத்துப் போல்ட் போட்டிருப்பார்கள். சதுரம் சுற்றும்போது மூலைக்கும் முகத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். இரு மேசைகளுக்கும் இடையே வாயும் அகலமாக இருந்தாக வேண்டும். மரம் திடீரென்று உதைத்துக் கை வழுக்கினால், உருளையில் தோலோடு போகிற காயம் சதுரத்தில் விரலோடு போகும். எங்கள் தொழிலில் பழைய ஆட்களின் இடது கையைப் பார்த்தாலே எந்த மாதிரி மெஷினில் நின்றவர்கள் என்று சொல்லிவிடலாம்.

இது உலகத்துக்குத் தெரியாத சங்கதி இல்லை. இங்கிலாந்தில் 1922-இல் வந்த மரவேலை இயந்திர விதிகள், உருளைக் கட்டர் இல்லாத மெஷினில் கையால் தள்ளி இழைக்கவே கூடாது என்றன. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் மாநிலங்கள் எழுதிய விதிகளிலும் இதே நிபந்தனை ஏறியது. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரத்தோடு 10 பேராவது வேலை செய்கிற இடத்துக்கென்று எழுதப்பட்டது. அப்பனும் மகனும் ஓர் ஆளும் நிற்கிற பட்டறைகளுக்குள் அது நுழையவில்லை. அதனால்தான் சதுரக் கட்டர் மெஷின்கள் ஒரு பட்டறை கழித்ததும் இன்னொரு பட்டறைக்குப் போய் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிதாகத் தொழில் தொடங்குகிறவனுக்குத்தான் அது போய்ச் சேரும், ஏனென்றால் அவனிடம்தான் காசு இருக்காது.

பண்ருட்டித் தம்பிக்கு அன்று நான் விற்காததற்கு இதுதான் காரணம். "நான் ஜாக்கிரதையா பாத்துக்கறேண்ணே" என்றான். பார்த்துக்கொள்வான். அவன் இல்லாத நேரத்தில் அந்த மெஷினில் நிற்கப்போவது பன்னிரண்டாவது முடித்துவிட்டு உதவிக்கு வந்திருக்கிற அவன் தம்பி. ஐ.டி.ஐ. ஏதாவதுக்குக் கொடுத்துவிடேன் என்றார் ஒரு நண்பர். படிக்கிற பிள்ளைகள் முன்னால் கொண்டுபோய் வைக்கவா? ஒரு மெஷினை விற்ற பிறகும் அதன் முன்னால் நிற்கிற கைக்கு நான் கொஞ்சம் பொறுப்பாளிதான் என்பது என் எண்ணம்.

பெரியப்பாவைப் பார்க்கச் சிதம்பரம் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், பத்து விரலும் முழுசாக இருக்கிறது.

"விக்கப் போறியாடா?" என்றார், நான் உட்காருவதற்குள்.

"தெரியல பெரியப்பா. அந்தச் சதுரக் கட்டர்தான் யோசனையா இருக்கு."

"அந்த மெஷின்ல நான் யாரையும் தனியா விட்டதில்ல. உன்னையுந்தான். ஞாபகம் இருக்கா? தள்ளுகட்டை இல்லாம ஒரு பலகைய வச்சதில்ல. அரையடிக்குக் கொறஞ்ச துண்ட அதுல விட்டதே இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பாடி தங்கம்டா. கட்டர மாத்து."

பாடியைப் பற்றி அவர் சொன்னது வெறும் பாசப்பேச்சு இல்லை. வார்ப்பிரும்பு வார்த்து ஆறியதும் உள்ளே இழுவிசை தங்கும். நாளாக ஆக அது தளர்ந்து வடிவம் கொஞ்சம் மாறும். அதனால் அந்தக் கால வார்ப்படச் சாலைகளில் மேசைகளை வார்த்து மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்து, அப்புறம்தான் கடைசி இழைப்பு இழைப்பார்கள். இத்தனை வருடம் ஓடிய மேசை இனி எங்கும் போகாது. நேர்சட்டத்தை மேசை நெடுக வைத்துப் பார்த்தேன், 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் தகடு எங்கும் நுழையவில்லை. புது மெஷினின் மேசை அவ்வளவு நேர் இல்லை.

பேச்சு அப்புறம் ஆணிக்குப் போனது. "ஆணி இருக்கற மரத்துக்குத்தான் வச்சுக்கலாம்னு பாக்கறேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பொன்னம்பலமே மரத்துலதான்டா நிக்குது" என்று ஆரம்பித்தார். சிற்சபை மரத்தால் கட்டியது. அதன் மேல் வேய்ந்த பொன் ஓடுகள் 21,600, அவற்றை அடித்த ஆணிகள் 72,000, ஒரு நாளின் மூச்சும் உடம்பின் நாடிகளும் அதே கணக்கு என்பது மரபு. இதை நான் சின்ன வயதிலிருந்து அவர் வாயால் கேட்டு வருகிறேன். சிதம்பரத்துத் தச்சர்களுக்கு அது வெறும் தத்துவக் கணக்கு இல்லை. தங்கள் கைவேலையின் மேல்தான் ஆண்டவன் ஆடுகிறான் என்கிற பெருமை.

யோசனையைத் தீர்த்துவைத்ததும் அவர்தான். சந்துக்குள் அவருடைய பட்டறைக் கொட்டகை இன்னும் இருக்கிறது, காலியாக. "இடிக்கிற வீட்டு மரமெல்லாம் இங்கதான வருது. அழுக்கோட கடலூருக்கு ஏத்திட்டுப் போயி ஏன் இழைக்கற? இங்கயே தோலை எடுத்துட்டு நல்லத மட்டும் கொண்டு போ" என்றார். நான் ஏன் இதை யோசிக்கவில்லை என்று வியந்தேன். வேனில் ஏறுகிற எடை குறையும். பலகையின் நிறமும் நாரும் தெரிந்த பிறகு எந்த மரம் எந்தக் கதவுக்கு என்று அங்கேயே பிரித்துவிடலாம். திருப்பாதிரிப்புலியூரில் 20 அடி நீளம் எனக்குத் திரும்பக் கிடைக்கும். மின் இணைப்பும் தனி. துண்டித்துக் கிடப்பதைக் குறுந்தொழில் கணக்கில் புதுப்பிக்க மனுக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் கட்டர். பழைய சதுரக் கட்டையைக் கழற்றி, தண்டின் விட்டம், பேரிங் நம்பர், இரு தாங்கிகளுக்கும் நடுவே உள்ள நீளம் எல்லாம் அளந்து, கோயம்புத்தூரில் கடைசல் வேலை செய்கிற ஒருவரிடம் உருளைக் கட்டர் சொல்லியிருக்கிறேன். மூன்று பிளேடு, ஆப்பு வைத்து இறுக்குகிற வகை. நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற பொருள் என்பதால் பேலன்ஸ் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வேறு யாராவது இதைச் செய்வதாக இருந்தால் இந்த இடத்தில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். உருளை வந்ததும் இரண்டு மேசைகளையும் நெருக்கி வாயைக் குறுக்க வேண்டும். கட்டருக்கு மேலே மரத்தின் அகலத்துக்கு ஏற்ப நகர்கிற மூடி ஒன்று, காலால் தட்டினால் நிற்கிற சுவிட்ச் ஒன்று. செலவு 9,000 ரூபாய் இரும்பு விலையைப் போலச் சில மடங்கு ஆகிறது. அதற்கு நேரான மேசையும், ஆணிக்குப் பயப்படாத ஒரு மெஷினும் எனக்குக் கிடைக்கின்றன. அந்த விலைக்குப் புதிதாக எதையும் வாங்க முடியாது.

இந்த ஒரு வேலைக்காக மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். இடிக்கிற வீட்டு மரம் வருவது நின்றுபோனாலோ, கொட்டகை வேறு எதற்காவது தேவைப்பட்டாலோ, உருளையோடும் மூடியோடும் அதை விற்றுவிடுவேன். பெரியப்பாவிடமும் அப்படியே சொன்னேன். "நல்ல ஆளா பாத்துக் குடு" என்றார், அவ்வளவுதான். மனைவிதான் இன்னும் நம்பவில்லை.

சதுரக் கட்டையை இரும்புக் கடையில் முழுசாகப் போடவில்லை. அது இன்னொரு மெஷினுக்குள் போய் உட்கார்ந்துவிடும் என்பதால், வெல்டிங் கடையில் குறுக்கே இரண்டாக வெட்டித்தான் போட்டேன்.

பண்ருட்டித் தம்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையை இங்கே கொண்டுவந்து புது மெஷினில் இழைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கரண்ட் காசு கொடுத்தால் போதும். ஆணி இல்லாத மரமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வாங்குவதற்கு எந்த மெஷினைப் பார்க்கப் போனாலும் முதலில் மெயினை அணைக்கச் சொல்லி, மேசையை விலக்கி, கட்டரைக் கையால் சுற்றிப் பார் என்று சொல்லி அனுப்பினேன். போன வாரம் விருத்தாசலத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தான்: "சதுரம்ணே. வேணாம்னுட்டேன்."